கை மாறும், கண் மாறாது

4 பிப்ரவரி

அப்பாவுக்கு,

போன் பண்ணா எடுக்கமாட்டேங்கறீங்க. எடுத்தாலும் "ம்"னு ஒரு சத்தம், அப்புறம் கட். அதான் லெட்டர். லெட்டரைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கறதுக்கு முன்னாடி படிச்சிருவீங்கன்னு எனக்குத் தெரியும்.

காலேஜை விட்டவ தெருவுலதான் நிப்பான்னு சொன்னீங்கல்ல. தெருவுல இல்ல, தெருவோரத்துல ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில நிக்கறேன். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி மெஷின்ல தேய்ச்சு உட்கார வைக்கறது என் வேலை. வீட்டை விட்டு வந்த இந்த அஞ்சு மாசத்துல நான் பாதியில விடாத ஒரே காரியம் இதுதான். போன மாசம் ரெண்டு லென்ஸை உடைச்சேன், முதலாளி ரெண்டு நாள் பேசல. உங்களுக்கு அவர் எவ்வளவோ தேவலாம்.

விஷயத்துக்கு வர்றேன். போன செவ்வாய்க்கிழமை கடையில கூட்டம் இல்ல. இங்க கண்ணு பாக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, டெஸ்ட் அக்கான்னு கூப்பிடுவோம். "கண்ணாடிக் கடையில வேலை பாக்கற, உன் கண்ணு எப்படி இருக்குன்னு தெரியவேணாமா, வந்து உக்காரு"ன்னாங்க. உக்காந்தேன். இடது கண்ணை மூடச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். "இப்ப மாத்து"ன்னாங்க. என் கை தானா மாறுச்சு அப்பா. இடது கையை எடுத்துட்டு வலது கையை வெச்சேன். அதே இடது கண்ணு மேல. மறுபடியும் கடகடன்னு படிச்சேன்.

அக்கா சிரிக்கல. கிட்ட வந்து கையைப் பிடிச்சு, "யாரும்மா இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"ன்னாங்க.

யாரு அப்பா?

மூணாங்கிளாஸ்ல, ஸ்கூலுக்குக் கண்ணு பாக்க ஆளுங்க வர்றாங்கன்னு நோட்டீஸ் வந்த அன்னிக்கு, குளியலறைக் கண்ணாடி முன்னாடி என்னை ஸ்டூல்ல ஏத்தி நிக்க வெச்சுப் பழக்குனது யாரு? "கை மாறும், கண் மாறாது." அதைப் பாட்டு மாதிரி பாடிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனேன். எனக்கு அது விளையாட்டு.

இப்ப வலது கண்ணை மூடினா பலகையில இருக்கற பெரிய எழுத்தே பூச்சி நசுங்கின மாதிரி தெரியுது. சோம்பேறிக் கண்ணாம். சின்ன வயசுலயே அதுல பவர் இருந்திருக்கு. கண்ணாடி போடாததால மூளை அந்தக் கண்ணை ஓரங்கட்டிடுச்சு. ஏழு எட்டு வயசுல கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வெச்சுப் பழக்கியிருந்தா வழிக்கு வந்திருக்கும்னு அக்கா சொன்னாங்க. இருபது வயசுல பெருசா எதிர்பார்க்காதேன்னும் சொன்னாங்க.

படிப்பை விட்டதுக்கு இதுதான் காரணம்னு கதை விடமாட்டேன். போரடிச்சுது, விட்டேன். ஆனா பத்துப் பக்கம் படிச்சா தலை வலிக்குதுன்னு நான் சொன்னப்பல்லாம் "படிக்கச் சோம்பல்"னீங்க. சோம்பல் கண்ணுக்கு, திட்டு எனக்கு.

ஏன் சொல்லிக் கொடுத்தீங்க? அதுக்கு மட்டும் பதில் போடுங்க. கோபமாத்தான் கேக்கறேன்.

வாலு

*

9 பிப்ரவரி

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் ஸ்கூல் வேனும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மெஷினும் அப்படியே ஓட வேண்டும்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று அப்பாவிடம் ஒரு வரி கேட்டால் பேனாவில் மை தீர்ந்துவிடாது. போகட்டும்.

கேட்டதற்குப் பதில். பதினெட்டு வயதில் சீருடை வேலை ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் நான்தான் முதல். கண் பார்க்கும் இடத்தில் என் தாளில் 'இடது கண் குறை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவன் தேறிவிட்டான். அவனுக்கும் ஒரு கண் சரியில்லையாம். வெளியே வந்து சொன்னான்: "கையை மாத்து, கண்ணை மாத்தாத. அவனுங்க பலகையைப் பாப்பானுங்க, உன்னையா பாக்கப்போறானுங்க?" அந்த வருடமே லைசென்ஸ் எடுக்கப் போனேன், அப்படியே செய்தேன். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை.

டிவி பார்க்கும்போது நீ தலையைச் சாய்ப்பாய். உனக்கும் இடது கண்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். உன் தாளிலும் அந்தச் சொல் ஏறக்கூடாது என்று நினைத்தேன். உன் அம்மா இருந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள். கண்ணில் குறை என்றால் அது வாழ்நாளுக்கும் குறைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சரி பண்ணக்கூடியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

வேறு செய்தி. வேனில் இப்போது பதினான்கு பிள்ளைகள். கூட வருகிற ஆயாவுக்கு வாய் இன்னும் நீளமாகிவிட்டது. பள்ளி வாசலில் இடது பக்கம் எவனோ ஒரு கம்பம் நட்டிருக்கிறான், இரண்டு வாரத்தில் இரண்டு தடவை வேனின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டது. ஸ்கூட்டர்க்காரர்கள் தொல்லையும் அதிகம். முன்பெல்லாம் தூரத்தில் வரும்போதே தெரியும், இப்போது வண்டிக்குப் பக்கத்தில் திடீரென்று முளைக்கிறார்கள். யாருக்கும் ஓட்டத் தெரியவில்லை. வீட்டிலும் சமையலறைக் கதவு நிலையில் தினம் தோளை இடித்துக்கொள்கிறேன். இந்த மாதம் மட்டும் மூன்று டீ கிளாஸ்கள் கை பட்டு உடைந்தன. உடைப்பதில் நீ என் மகள்தான்.

பார்வைக்கு ஒன்றும் குறைவில்லை. எதிர் ரோட்டுப் பெயர்ப் பலகையை இங்கிருந்தே படிப்பேன். மார்ச் பத்தாம் தேதி பள்ளியில் டிரைவர்களுக்கு வருடாந்திரக் கண் சோதனை. கை இரண்டும் இருக்கிறது, கவலைப்படாதே.

அப்பா

*

12 பிப்ரவரி

அப்பா,

எப்படி இருக்கீங்க. சாப்பிட்டீங்களா. கேட்டுட்டேன்.

இனிமே நான் எழுதறதை மெதுவாப் படிங்க. உங்க லெட்டரைக் கடையில டீ நேரத்துல படிச்சேன். கம்பம் வந்து வேனை உரசின கதையை டெஸ்ட் அக்காகிட்ட சிரிச்சுக்கிட்டே வாசிச்சேன். அவங்க டீயைக் கீழே வெச்சுட்டு, "அந்தப் பக்கம் முழுசையும் படி"ன்னாங்க. கம்பம். முளைக்கற ஸ்கூட்டர். கதவு நிலை. மூணு கிளாஸ்.

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"என்னிக்காவது கண்ணுக்கு உள்ள லைட் அடிச்சு யாராவது பாத்திருக்காங்களா? கண்ணோட பிரஷர் பாத்திருக்காங்களா?"

இருபத்தெட்டு வருஷமா ஒரு பலகையை மட்டும் காட்டியிருக்காங்க, அதையும் நீங்க ஒரே கண்ணால படிச்சிருக்கீங்க.

அக்கா சொன்னதை அப்படியே எழுதறேன். கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கற நோய் ஒண்ணு இருக்காம். வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரத்துலேருந்து போகும். நடுவுல பளிச்சுன்னு இருக்கும், பெயர்ப் பலகை எல்லாம் படிப்பாங்க. போன இடம் கறுப்பாவும் தெரியாதாம், மூளை அங்க ரோடு மாதிரி ஏதோ போட்டு நிரப்பிக்கும். அதான் ஸ்கூட்டர் முளைக்குது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்த மருந்து இருக்கு, ஆனா சீக்கிரம் போகணும். "இதுதான்னு லெட்டரை வெச்சு நான் சொல்லமாட்டேன், பாத்தாத்தான் தெரியும். நாப்பது தாண்டினா கண்ணு நல்லா இருக்குன்னு தோணினாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் உள்ள பாக்கணும். யாரு கேக்கறாங்க"ன்னாங்க.

வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஆயாவை எதிர்ல உக்கார வெச்சு, அவங்க மூக்கையே பாருங்க. அவங்க பக்கவாட்டுலேருந்து விரலை ஆட்டிக்கிட்டே கொண்டு வரட்டும். எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க. ஏமாத்தாதீங்க.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகற வரைக்கும் வேனை எடுக்காதீங்க. லீவு சொல்லுங்க.

வாலு

*

17 பிப்ரவரி

வாலுக்கு,

காலேஜை விட்டவள் ஐந்து மாதத்தில் கண் டாக்டர் ஆனதில் அப்பாவுக்குப் பெருமைதான்.

நீ சொன்ன விரல் விளையாட்டை மதியம் வேனில் உட்கார்ந்து செய்தோம். வலது பக்கம் ஓரளவு சீக்கிரமே சொல்லிவிட்டேன். இடது பக்கம் ஆயா "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று நச்சரித்தாள். தெரிகிறது என்றேன். "நான் இன்னும் கையையே தூக்கலண்ணே" என்றாள். அவளைச் சீண்டத்தான் அப்படிச் சொன்னேன். அதிலிருந்து ஒரு மாதிரி பார்க்கிறாள்.

நீ கேட்பதற்கு முன் இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் ஒரு குட்டியை இறக்கிவிட்டோம். யு.கே.ஜி. பிள்ளை. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு, எடுப்பதற்காகத் திரும்பி ஓடி வந்திருக்கிறது. நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஆயா போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தேன். ஒரு சாண் இடைவெளி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளை இப்படி ஓட விட்டால் எந்த டிரைவர்தான் என்ன செய்வான்?

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன எழுதிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் ஒரு தடவை வாங்கிக்கொண்டு வந்தேன். லீவு எல்லாம் எடுக்க முடியாது. என்னை விட்டுவிடு.

நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பா

*

21 பிப்ரவரி

அப்பா,

ஒரு சாண்.

அதை எழுதிட்டு அடுத்த வரியில "எந்த டிரைவர்தான் என்ன செய்வான்"னு கேக்கறீங்க. கண்ணு தெரியற டிரைவர் பாத்திருப்பான். அதான் பதில்.

நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். உங்க ஸ்கூல் பெரிய டீச்சருக்கு எழுதினதைக் கீழ காப்பி பண்ணியிருக்கேன். முதல்ல உங்களுக்குத்தான் அனுப்பறேன், முதுகுக்குப் பின்னாடி செய்யல.

"மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு, உங்கள் பள்ளி வேன் டிரைவரின் மகள் எழுதுகிறேன். அப்பாவுக்கு இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைவு. இப்போது பக்கவாட்டிலும் தெரியவில்லை என்று சந்தேகிக்கிறேன். கண் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவரை வேன் ஓட்ட விட வேண்டாம். அவர் நல்ல டிரைவர். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு விபத்தும் இல்லை. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்."

இதை நீங்களே உங்க கையால அவங்ககிட்ட குடுங்க. இல்ல வாயால சொல்லுங்க. மார்ச் பத்து வரைக்கும் டைம். சொல்லலேன்னா பதினொண்ணாம் தேதி நான் தபால்ல போடுவேன்.

எனக்கு ஒரு கண்ணு போச்சு, அது உங்களுக்குத் தெரியாம நடந்தது. அந்தக் குட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா அது தெரிஞ்சே நடந்தது.

வாலு

*

27 பிப்ரவரி

மகளுக்கு,

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன்.

நீ அனுப்பிய தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. பத்தாம் தேதி என் கை எப்படி மாற வேண்டுமோ அப்படி மாறும்.

இனி எழுதாதே.

அப்பா

*

11 மார்ச்

வாலுக்கு,

எழுதாதே என்று சொன்னவன் நானே எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி காலை வழக்கம்போலப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பள்ளி வாசலில் நிறுத்தி, தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பார்த்து எண்ணினேன். தினமும் எண்ணுவேன், உனக்குத் தெரியும். பதிமூன்று. "இன்னிக்கு யாரு லீவு?" என்று கேட்டேன். ஆயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இங்கதான் இருக்கேன் டிரைவர் மாமா."

அந்தத் தண்ணீர் பாட்டில் குட்டி. எனக்கு இடது பக்கம், முன் சீட்டில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். தலையைத் திருப்பினேன், இருந்தாள். திரும்ப முன்னால் பார்த்தேன், இல்லை. நான்கு தடவை அப்படிச் செய்து பார்த்தேன். அது விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

"எத்தனை நாளாம்மா இப்படி?" என்று ஆயாவைக் கேட்டேன். "ரெண்டு மாசமா நீங்க விடறதையும் சேர்த்து நான்தாண்ணே சத்தமா எண்ணிச் சரி பண்ணிட்டு வர்றேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

பிள்ளைகளை இறக்கினேன். வேனை ஓரமாக நிறுத்தினேன். பெரிய டீச்சர் அறைக்குப் போய்ச் சாவியை மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பதினெட்டு வயதுக் கதை உட்பட. உன் தாளை எடுக்கவில்லை. என் வாயாலேயே சொன்னேன்.

ஏழாம் தேதி கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு விட்டு, உள்ளே லைட் அடித்துப் பார்த்தார்கள். கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெகு நேரம் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தேன். மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். உன் டெஸ்ட் அக்கா சொன்ன நோய்தான். இடது கண்ணில் அநேகமாக எல்லாமே போய்விட்டது. வலது கண்ணில் பாதிக்கு மேல் இருக்கிறது. அதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். வண்டி ஓட்டக் கூடாது. ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். போதும் டாக்டர் என்றேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியது. எட்டாம் தேதி பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். "உங்க பொண்ணு அனுப்பியிருக்கு. இது உங்ககிட்ட இருக்கறதுதான் முறை" என்றார். உன் எழுத்து. தபால் முத்திரையில் நான்காம் தேதி.

பத்து வரைக்கும் என்று எழுதியவள் நீ. நான் ஐந்தாம் தேதியே சாவியைக் கொடுத்துவிட்டேன். நீ அதற்கு ஒரு நாள் முன்பே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாய். அங்கே நின்று அதைப் படித்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று பெரிய டீச்சருக்குத்தான் தெரியும்.

அப்பா

*

14 மார்ச்

அப்பா,

ஆமா. நாலாம் தேதி போட்டேன்.

"கை எப்படி மாறணுமோ அப்படி மாறும்"னு நீங்க எழுதின லெட்டர் ரெண்டாம் தேதி வந்துச்சு. மூணாம் தேதி காலையில எட்டு மணிக்கு மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டு, இப்ப வேன் முதல் நிறுத்தத்துல நிக்கும், இப்ப ரெண்டாவதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். நாலாம் தேதியும் எண்ணினேன். பத்து வரைக்கும் எண்ண என்னால முடியல. லஞ்ச் டைம்ல ஓடிப்போய்ப் போட்டேன். பெட்டிக்குள்ள விழுந்த சத்தம் கேட்டதும் கையை உள்ள விட்டு எடுக்கப் பாத்தேன். மணிக்கட்டுக்கு மேல போகல.

மன்னிப்பு கேக்கமாட்டேன். அந்தத் தேதிக்கு எனக்குத் தெரிஞ்சதை வெச்சு, மறுபடியும் அதையேதான் செய்வேன். ஆனா சொன்ன வார்த்தையை நான் காப்பாத்தல, நீங்க சொல்லாமலே காப்பாத்திட்டீங்க. உங்களை நான் குறைச்சு எடை போட்டுட்டேன். அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. கடையில இன்னிக்கு ஒரு லென்ஸை உடைச்சேன்.

சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடாதீங்க. நல்லாத்தானே தெரியுதுன்னு நிறுத்திடாதீங்க, நிறைய பேர் அப்படித்தான் நிறுத்திடறாங்கன்னு அக்கா சொன்னாங்க. சொட்டு விட்ட உடனே கண்ணை மூடி, மூக்குப் பக்கத்து ஓரத்தை விரலால லேசா அமுக்கி வெச்சுக்கணுமாம்.

இனிமே பேசவேணாம்னாலும் சரி. மருந்து போட்டீங்களா இல்லையான்னு மட்டும் ஆயாகிட்ட சொல்லி எழுதச் சொல்லுங்க.

வாலு

*

20 மார்ச்

வாலுக்கு,

மருந்து போடுகிறேன். ஆயாவுக்கு எழுத நேரமில்லை, புது டிரைவரைத் திட்டுவதிலேயே பொழுது போகிறது அவளுக்கு. அதனால் நானே எழுதுகிறேன்.

இது குடும்பத்தில் வரக்கூடியதாம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளையும் பார்க்க வேண்டுமாம், பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது கணக்கில் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் நரம்பை யாராவது பார்த்தார்களா? இருக்காது. ஊருக்கெல்லாம் சொல்கிறாய்.

இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எனக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். முதல் நாளே கிளம்பு. சொட்டு விட்டால் நாலு மணி நேரம் எழுத்து தெரியாது, புத்தகம் எதையும் தூக்கி வராதே.

அந்தக் கவரை நான் இன்னும் மறக்கவில்லை. அங்கே உன்னோடு பேசுவேனா என்று தெரியவில்லை, பேசாமலும் இருக்கலாம். அதற்காக நீ வராமல் இருந்துவிடாதே.

வரிசையில் எனக்கு வலது பக்கம் உட்கார். இடது பக்கம் உட்கார்ந்தால் நீ வந்தது எனக்குத் தெரியாது.

அப்பா